முன்பக்கம் தாழ்த்திய கிளாசிக் கஸ்டம் கார்: ஸ்பிரிங் கோளாறை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

ஸ்பிரிங் மாற்றி முன்பக்கத்தைத் தாழ்த்தும்போது இறங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கார் அழகாக நிற்கும். ஆனால் பள்ளத்தில் விழும்போது சக்கரத்துக்கு ஓட இடம் இருக்காது. பம்ப் ஸ்டாப்பில் (சக்கரம் மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர் முட்டு) இடிப்பது, ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) உடைவது, ஸ்டீயரிங் தானாக இழுப்பது ஆகிய கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கைப் போடாமல் விட்டதால் வருபவை. அதனால் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதுதான் முதல் வேலை.

இங்கே பேசுவது மேலும் கீழும் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைத்து ஏறி இறங்கும் கை) இருந்து, நடுவே காயில் (சுருள்) ஸ்பிரிங் உட்காரும் முன்பக்கத்தைப் பற்றி. 1949–54 செவ்ரலே, 1949–51 மெர்குரி, அவற்றுக்குப் பின் வந்த செவ்ரலேக்கள், மஸ்டாங் 2 முன்பக்கம் பொருத்திய பழைய கார்கள் எல்லாம் இதில் அடங்கும். 1948 வரை வந்த ஃபோர்டுகளில் இரு சக்கரங்களுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். 1957 முதல் கிரைஸ்லர் கார்களில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கேறி எடையைத் தாங்கும் எஃகுக் கம்பி). அவற்றைத் தாழ்த்தும் முறையே வேறு.

முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

சமதளத் தரை, பெட்ரோல் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும், நான்கு டயரிலும் சரியான காற்று. ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்காதீர்கள். தொங்கியபோது உள்ளே இழுத்துக்கொண்ட சக்கரங்கள் இறக்கியதும் தாமாக விரியாது, கார் உயரமாக நிற்கும். மூன்று நான்கு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை இரண்டு முறை அழுத்திவிட்ட பிறகு அளவெடுங்கள்.

உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் மாற்றியதும் அளவு பொய்யாகிவிடும்.

அடுத்தது நெம்புகோல் விகிதம். லோயர் (கீழ்) ஆர்மின் உள் பிவட்டிலிருந்து (சட்டத்தில் அது சுழலும் இடம்) ஸ்பிரிங் மையம் வரை உள்ள தூரத்தை, அதே பிவட்டிலிருந்து பால் ஜாயிண்ட் (ஆர்மின் வெளிமுனையில் சக்கரத்தைத் திரும்ப விடும் மூட்டு; பழைய வகையில் கிங்பின்) வரை உள்ள தூரத்தால் வகுங்கள். ஸ்பிரிங் 220 மி.மீ.யிலும் பால் ஜாயிண்ட் 400 மி.மீ.யிலும் இருந்தால் விகிதம் 0.55. கீழே வரும் கணக்குகள் அனைத்தும் இந்த உதாரணக் காரை வைத்தே போடப்பட்டவை. உங்கள் காரின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கார் தரையில் நிற்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கும் அது இடிக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதையும் சக்கரத்தின் அளவாக மாற்ற வேண்டும். இடைவெளி 50 மி.மீ., ஸ்டாப் இருக்கும் இடத்தின் விகிதம் 0.6 என்றால் சக்கரம் ஏற 83 மி.மீ. இருக்கிறது.

கடைசியாக எடை. எடைமேடையில் முன் அச்சை மட்டும் நிறுத்தி எடுத்த எடையில் சக்கரம், பிரேக், ஸ்பிண்டில் (சக்கர அச்சைத் தாங்கும் பாகம்) ஆகியவற்றின் எடையைக் கழித்து இரண்டால் வகுத்தால் ஒரு பக்கத்து ஸ்பிரிங் தாங்கும் எடை கிடைக்கும். உதாரணக் காரில் 400 கிலோ, அதாவது 3,924 நியூட்டன். ஸ்பிரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால் அதன்மேல் விழுவது 3,924 ÷ 0.55 = 7,135 நியூட்டன்.

அறிகுறி: எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இறங்கிவிட்டது

பெரும்பாலும் நெம்புகோல் விகிதத்தை மறந்ததுதான் காரணம். ஸ்பிரிங் 25 மி.மீ. குட்டையானால் சக்கரத்தில் 25 ÷ 0.55 = 45 மி.மீ. இறங்கும்.

சுற்று வெட்டும்போதும் இதே தவறு நடக்கிறது. வெட்டிய பின்னும் மீதிச் சுற்றுகள் அதே எடையைத்தான் தாங்குகின்றன. ஆகவே ஒவ்வொரு சுற்றும் முன்பு அமுங்கிய அளவே இப்போதும் அமுங்கும். ஸ்பிரிங் எவ்வளவு குட்டையாகும் என்றால், எடை தாங்கிய நிலையில் ஒரு சுற்று எடுத்துக்கொள்ளும் உயரம் அளவுக்கு. மேசையில் சும்மா நிற்கும் ஸ்பிரிங்கை அளந்தால் இந்தக் கணக்கு தப்பும். கார் தரையில் நிற்கும்போது கம்பித் தடிமனையும் அடுத்த சுற்று வரையுள்ள இடைவெளியையும் கூட்டுங்கள். கம்பி 16 மி.மீ., இடைவெளி 12 மி.மீ. என்றால் மொத்தம் 28. ஒரு முழுச் சுற்று வெட்டினால் சக்கரத்தில் 28 ÷ 0.55 = 51 மி.மீ. இறங்கும். அரைச் சுற்றுக்கு 25 மி.மீ.

வெட்டிய சுற்று திரும்ப வராது. அதனால் முதலில் கால் சுற்று அல்லது அரைச் சுற்று மட்டும் வெட்டி, பொருத்திப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

யாரோ எப்போதோ ஸ்பிரிங்கைக் கேஸ் டார்ச்சால் சூடாக்கித் தாழ்த்தியிருந்தாலும் கார் அளவுக்கு மீறி இறங்கும், அதோடு நாளுக்கு நாள் இன்னும் இறங்கிக்கொண்டே போகும். சிவக்கக் காய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அந்தச் சுற்றுகள் மட்டும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதும், பெயின்ட் கருகி நீலம் பாய்ந்திருப்பதும் அடையாளம். அந்த ஸ்பிரிங்கைச் சரிசெய்ய முடியாது. இரண்டு பக்கமும் கழற்றி எறிந்துவிட்டு ஜோடியாகப் புதிது போடுங்கள். சுற்றுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் போட்டிருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அது நழுவினால் ஒரு பக்கம் திடீரென்று எழும்பும்.

அறிகுறி: புது ஸ்பிரிங் போட்டும் உயரமாகவே நிற்கிறது

உடனே ஸ்பிரிங்கை வெட்டக் கட்-ஆஃப் கருவியை எடுக்காதீர்கள். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

ரப்பர் புஷ் (ஆர்ம் பிவட்டில் இருக்கும் ரப்பர் உறை). ஆர்ம் பிவட் போல்ட்டுகளைக் கார் தொங்கும் நிலையில் முறுக்கியிருந்தால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, கார் இறங்கும்போது முறுக்கேறி, கூடுதல் ஸ்பிரிங் போல மேலே தள்ளும். காரைச் சாய்தளத்தில் ஏற்றி, எடை சக்கரத்தில் இருக்கும்போதே போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பரை அழுத்தி விட்டு, திரும்ப முறுக்குங்கள். உயரம் இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. இதைச் செய்யாமல் விட்டால் புஷ் சீக்கிரம் கிழியும். மரையுள்ள எஃகு புஷ் இருக்கும் பழைய ஆர்ம்களில் இந்தப் பிரச்சினை கிடையாது.

ஸ்பிரிங் முனை. லோயர் ஆர்மின் குழியில் ஒரு படி இருக்கும், சுற்றின் முனை அதில் சரியாக உட்கார வேண்டும். முனை படியின் மேல் ஏறி நின்றால் கம்பித் தடிமனே உயரமாக மாறிவிடும்: 16 மி.மீ. தவறு, சக்கரத்தில் 29 மி.மீ.

எடை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை எடுத்துவிட்டு லேசான எஞ்சின் வைத்தால் கார் எழும்பும். உதாரணக் காரின் ஸ்பிரிங் விறைப்பு (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை) 42.4 நியூட்டன்/மி.மீ. சக்கரத்தில் அது விகிதத்தின் வர்க்கத்தால் குறைந்து 12.8 ஆகிறது (42.4 × 0.55 × 0.55). முன்பக்கம் 50 கிலோ குறைந்தால், பக்கத்துக்கு 25 கிலோ என்ற கணக்கில், கார் 19 மி.மீ. உயரும். பானெட், பம்பர், பேட்டரி, ரேடியேட்டர் தண்ணீர் எதுவும் இல்லாமல் நிற்கும் காரைப் பார்த்து ஸ்பிரிங் முடிவெடுக்கவே கூடாது.

படிதல். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் சில மில்லிமீட்டர் படியும். அதற்குள் அளந்து ஏமாறாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உயரம் மீதமிருந்தால் வெட்டலாம். ஆனால் ஸ்பிரிங்கின் முனையைப் பாருங்கள். சுற்று அப்படியே சாய்வாக முடிந்தால் அந்த முனையை வெட்டலாம். முனைச் சுற்று வளைந்து தட்டையாகப் படுத்திருந்தால், அல்லது குறுகிச் சுருண்டிருந்தால், அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது, குழியில் உட்காராது. இரண்டு முனையும் அப்படியென்றால் வெட்டுவதற்கான ஸ்பிரிங் அல்ல. வெட்டுவது கட்-ஆஃப் சக்கரத்தால், இடையிடையே நிறுத்தி, வெட்டும் இடம் நிறம் மாறாதபடி. வெட்டிய முனையின் கூர்மையை மழுக்கி, இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் வைத்து, முனைகள் ஒரே கோணத்தில் முடிகின்றனவா என்று பாருங்கள்.

கழற்றும்போது: சட்டத்தின் கீழே ஸ்டாண்ட், லோயர் ஆர்மின் கீழே ஜாக்கி, ஸ்பிரிங்கையும் ஆர்மையும் சட்டத்தோடு கோத்து ஒரு தடித்த சங்கிலி, உள்ளே ஸ்பிரிங் கம்ப்ரஸர். 7,000 நியூட்டன் என்பது எழுநூறு கிலோவுக்கு மேல் அமுங்கிக் கிடக்கும் விசை. சங்கிலி இல்லாமல் யாரும் இந்த வேலையைத் தொடக்கூடாது.

அறிகுறி: சின்னப் பள்ளத்திலும் இடிக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார். விறைப்பான ஸ்பிரிங் போட்டால் சரியாகும் என்பதுதான் இதற்கு அதிகம் சொல்லப்படும் தவறான பதிலும்.

உதாரணக் காரில் சக்கரம் ஏற 83 மி.மீ. இருந்தது. ஒரு சுற்று வெட்டி 51 மி.மீ. தாழ்த்தினால் 32 மி.மீ. மீதம். எட்டு வேலை செய்யும் சுற்றுகள் ஏழாக ஆனதால் விறைப்பு கூடியது ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 சதவீதம். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றலோ ஓடும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 83 மி.மீ.யில் தாங்கிய அதே அடியை 32 மி.மீ.யில் தாங்க விறைப்பு 6.7 மடங்கு வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங்கைப் போட்டால் கார் மாட்டுவண்டி ஆகிவிடும். இழந்த ஓட்டத்தை விறைப்பால் வாங்கவே முடியாது.

அதே காரில் அரைச் சுற்று மட்டும் வெட்டி 25 மி.மீ. இறக்கி, மீதி 50 மி.மீ.யை ட்ராப் ஸ்பிண்டிலில் எடுங்கள். ட்ராப் ஸ்பிண்டிலில் சக்கர அச்சு மேலே நகர்த்தி வைக்கப்பட்டிருப்பதால் ஆர்ம்களின் கோணமும் ஸ்பிரிங்கின் நீளமும் மாறாது, ஓட்டத்தையும் தின்னாது. மொத்தம் 75 மி.மீ. தாழ்ந்தும் 58 மி.மீ. மீதம் இருக்கும். சாலையில் ஓட்டும் காருக்குச் சக்கரத்தில் 50 மி.மீ.க்குக் கீழே விடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இப்போது தேவைப்படும் விறைப்பு இரண்டு மடங்கு; அதில் ஒன்றரை மடங்கை ஸ்பிரிங்கில் எடுத்து, மீதியைப் படிப்படியாக இறுகும் நுரை பம்ப் ஸ்டாப்பிடம் விட்டுவிடலாம்.

அந்த ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுக்கும் கணக்கு இது. விறைப்பு 63 நியூட்டன்/மி.மீ. எடை தாங்கும்போது அமுங்குவது 7,135 ÷ 63 = 113 மி.மீ. பழைய ஸ்பிரிங் காரில் உட்கார்ந்திருந்த நீளம் 252; சக்கரத்தில் 25 மி.மீ. இறங்க 14 கழித்தால் 238. சும்மா நிற்கும் நீளம் 238 + 113 = 351 மி.மீ. விற்பவரிடம் கொடுக்க வேண்டியவை 63, 351, உள்விட்டம், இரு முனைகளின் வடிவம். “மூணு அங்குலம் தாழ்த்தும் ஸ்பிரிங்” என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கினால், அது எந்த எஞ்சின் எடைக்குச் சொன்ன மூன்று அங்குலம் என்று தெரியாது.

முழுதாக அமுங்கும்போது சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்றும் பாருங்கள். சக்கரம் 58 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 32 மி.மீ. சுருங்கி 206 ஆகும். 17 மி.மீ. கம்பியில் மொத்தம் 9 சுற்று என்றால் இறுகிய உயரம் 153, இடம் தாராளம். தடிமன் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு 46 சதவீதம் ஏறும் என்பதால் கம்பியைக் கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டாம், வெர்னியரால் அளங்கள்.

இடிக்கும் சத்தம் பம்ப் ஸ்டாப்பிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஸ்டாப்பின் முகத்தில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். நசுங்காமலிருந்தால் இடிப்பது வேறு: டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பி) சட்டத்தில் படலாம், குறுக்குச் சட்டம் தரையைத் தொடலாம், அல்லது ஷாக் உள்ளே முட்டலாம். பம்ப் ஸ்டாப்பை முழுதாக வெட்டி எறிவது தீர்வல்ல. அது இல்லாவிட்டால் அடியை வாங்குவது பால் ஜாயிண்ட்டும் ஷாக்கும்.

இரு ரிம்களின் கீழ் விளிம்புகளையும் ஒரு நூலால் இணைத்துப் பாருங்கள். சட்டம், ஸ்டீயரிங் இணைப்பு, எண்ணெய்த் தொட்டி எதுவும் அந்த நூலுக்குக் கீழே வரக்கூடாது. டயர் காற்றிறங்கினால் கார் ரிம்மில் நிற்கும். அதற்குக் கீழே தொங்குவது எதுவானாலும் சாலையில் உரசும். ட்ராப் ஸ்பிண்டில் போட்டவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் லோயர் பால் ஜாயிண்ட் ரிம்மின் கீழ்ப்பகுதிக்கு 50 மி.மீ. நெருங்கிவிடும். சிறிய ரிம்மில் உள்ளே உரசும் வாய்ப்பும் உண்டு.

அறிகுறி: தொட்டில்போல ஆடிக்கொண்டே இருக்கிறது, அல்லது ஷாக் அடிக்கடி போகிறது

ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுப் பழைய நீள ஷாக்கையே விட்டதன் விளைவு. கார் தரையில் நிற்கும்போது ஷாக்கின் இரு பிடிப்புகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, அதன் முழுச் சுருக்க நீளத்தைக் கழியுங்கள். பிடிப்பு விகிதம் 0.6 என்றால் 58 மி.மீ. சக்கர ஓட்டத்துக்கு ஷாக் 35 மி.மீ. உள்ளே போகும். குறைந்தது 45 மி.மீ. மீதம் இல்லாவிட்டால் பம்ப் ஸ்டாப்புக்கு முன் ஷாக்கே முட்டி உடையும். குட்டையான ஷாக் வாங்குங்கள். விறைப்பு ஒன்றரை மடங்கு ஆன ஸ்பிரிங்கைப் பழைய மென்மையான ஷாக்கால் அடக்கவும் முடியாது, ஆகவே மீளும்போது தடுக்கும் பலமும் கூடியதாக வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

முன்பக்கத்தில் தெரியும் சாய்வு பல சமயம் பின்பக்கத்தில் பிறந்தது. பின் சட்டத்தைச் சரியாக நடுவில் ஒரே புள்ளியில் ஜாக்கியால் தாங்கி, பின் ஸ்பிரிங்குகளின் மேல் எடை இல்லாதபடி தூக்குங்கள். அந்த நேரத்தில் யாரும் காரின் கீழே போக வேண்டாம். முன்பக்கம் நேரானால் குற்றம் பின் ஸ்பிரிங்கில். சாய்வு அப்படியே இருந்தால் முன் ஸ்பிரிங் முனைகள், புஷ் முறுக்கு, பிறகு இரண்டு ஸ்பிரிங்கின் நீளம் என்ற வரிசையில் பாருங்கள். சாய்ந்த பக்கத்தில் மெல்லிய ஸ்பேஸர் வைப்பது கடைசி வழி.

அறிகுறி: மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கிறது

ஆர்மும் டை ராடும் ஒரே வளைவில் நகர்ந்தால் சக்கரம் ஏறி இறங்கும்போது திரும்பாது. ஸ்பிரிங்கால் தாழ்த்தும்போது சக்கரம் அந்த நல்ல பகுதியைத் தாண்டி வேறு இடத்தில் வேலை செய்யத் தொடங்குகிறது. சோதிக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆர்மை ஓட்டும் உயரத்தில் ஜாக்கியால் நிறுத்தி, சக்கரத்தை 25 மி.மீ. ஏற்றியும் இறக்கியும் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாற்றத்தை அளங்கள். முதல் 25 மி.மீ.யில் 1.5 மி.மீ.க்கு மேல் மாறினால் ஓட்டுபவரின் கைக்குத் தெரியும். ஸ்பிரிங் தாழ்வைக் குறைத்து ஸ்பிண்டிலில் எடுப்பதே நேரான வழி. ஆனால் ஸ்பிண்டிலின் ஸ்டீயரிங் ஆர்ம் பால் ஜாயிண்ட்களுக்குப் பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இடம் மாறியிருந்தால் ட்ராப் ஸ்பிண்டிலே இந்தக் கோளாறைக் கொண்டுவரும்.

நேர்சாலையில் கார் அலைந்தால் அது வேறு: காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு). பின்பக்கத்தைவிட முன்பக்கம் அதிகம் இறங்கினால் முழுக் காரும் முன்னே கவிழ்கிறது, காஸ்டர் அதே கோணத்துக்குக் குறைகிறது. 115 அங்குல வீல்பேஸ் உள்ள 1949–54 செவ்ரலேயில் 2 அங்குல வித்தியாசம் சுமார் 1 டிகிரியைத் தின்றுவிடும்.

டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் செய்யவில்லை என்று அர்த்தம். கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) பூஜ்யத்திலிருந்து எதிர்மறை அரை டிகிரிக்குள், டோ-இன் 1.5 முதல் 3 மி.மீ. என்று தொடங்கலாம்.

அறிகுறி: ஜாக்கியில் தூக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து ஆடுகிறது

இதைக் கண்டால் காரை ஓட்டாதீர்கள். மேட்டில் சக்கரம் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் குழியை விட்டு நகர்ந்து, திரும்ப இறங்கும்போது கோணலாக மாட்டிக்கொள்ளும்.

மிகவும் விறைப்பான, மிகவும் குட்டையான ஸ்பிரிங்தான் காரணம். உதாரணக் காரில் சக்கரம் 90 மி.மீ. கீழே தொங்கினால் ஸ்பிரிங் இருக்கை 50 மி.மீ. விரிந்து 288 மி.மீ. ஆகும். 63 விறைப்புள்ள 351 மி.மீ. ஸ்பிரிங் அப்போதும் 63 மி.மீ. அமுங்கியே இருக்கும். அதே உயரத்துக்கு 150 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் போட்டால் அமுங்குவது 48 மட்டும். சும்மா நிற்கும் நீளம் 286, இருக்கையோ 288. இரண்டு மில்லிமீட்டர் தளர்ந்து கிடக்கும். மென்மையான, நீளமான ஸ்பிரிங்குக்கு மாறுங்கள். முடியாத நிலையில், மேலே போகும் ஓட்டத்தைத் தொடாமல், சக்கரம் கீழே தொங்கும் தூரத்தை மட்டும் பட்டையால் கட்டுப்படுத்தலாம். அந்தப் பட்டை ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே போல்ட்டில் மாட்டப்பட வேண்டும், ஸ்பிரிங்கின் குறைந்தபட்ச அமுக்கம் 10 மி.மீ. மிஞ்சும் நீளத்தில்.